லைட்டரை மட்டும் விடவில்லை: மஃபாத் நடைக்குறிப்புகள்

வியாழன் இரவு, சேன் தெனி

நாளைக் காலை ஐந்து மணிக்கு லுடோவிக்கின் அத்தை மகன் காரோடு வாசலில் நிற்பான். நாங்கள் நாலு பேர் போகிறோம். புதுச்சேரியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட செல்வம் அண்ணன், அண்ணி, என்னோடு ஒரே லேபில் இருக்கும் லுடோவிக், அப்புறம் நான். நாளைக்கு லீவு சொல்லியாகிவிட்டது. திங்கள்கிழமை நவம்பர் 11, முதல் உலகப் போர் ஓய்ந்த நாள் என்று பிரான்ஸ் முழுக்க விடுமுறை. மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் கிடந்தாலும் நாங்கள் இருக்கும் ரீயூனியன் தீவும் பிரான்ஸ்தான். இங்கே செலவாவது யூரோ, செல்லுபடியாவது பாரிஸ் சட்டம்.

போகிற இடம் மஃபாத். தீவின் நடுவில் இருந்த பழைய எரிமலை இடிந்து, அரித்து, மூன்று பெரும் பள்ளங்களாகிவிட்டது: சலாசி, சிலாவோஸ், மஃபாத். முதல் இரண்டுக்கும் கார் போகும். மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. உள்ளே எழுநூறு, எண்ணூறு பேர் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு அரிசி, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஹெலிகாப்டரில் வந்து இறங்கும். மற்றவர்களுக்கு நடராஜா சர்வீஸ்தான்.

நான் சிகரெட்டை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. நுரையீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்த நடைக்கு ஒத்துக்கொண்டேன் என்று அண்ணி நினைக்கிறார். காரணம் வேறு. பல்கலைக்கழகத்தின் முஃபியா வளாகத்தில் எங்கள் லேப் கட்டடத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்குக் கீழே, சாம்பல் தட்டு பொருத்திய ஒரு தூண் இருக்கிறது. இந்தத் தீவில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்தத் தூணடியில் கற்றதுதான். கிரியோல் என்ற இந்தத் தீவுப் பேச்சு, எந்தப் பேராசிரியரிடம் எந்த நேரத்தில் கையெழுத்து கேட்கலாம், எந்தக் கடையில் கறிவேப்பிலை வாடாமல் இருக்கும், எல்லாம். லுடோவிக் பழக்கமானதே ஒரு மழை நாளில் அங்கே நெருப்பு கேட்டு வந்தபோதுதான்.

சிகரெட்டை விட்டதும் யாரும் என்னை அங்கே கூப்பிடுவதில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பத்தியக்காரனைப் பந்திக்கு அழைக்காத மாதிரி ஒரு நாசூக்கு. ஆனால் மூன்று மணியானால் ஜன்னலுக்கு வெளியே அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். நான் உள்ளே எக்ஸெல் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நிக்கோடின் போனதை விட இதுதான் அதிகமாக உறுத்துகிறது. அண்ணனும் லுடோவிக்கும் நன்றாகப் புகைப்பவர்கள். இவர்களோடு மலையில் எப்படி இருக்கப்போகிறேன் என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு பாக்கெட் பத்து யூரோவுக்கு மேல். நான் வந்தபோது பல்கலைக்கழக உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாடு 3.30 யூரோ. பாக்கெட்டுக்கு மூன்று வேளைச் சோறு என்ற கணக்கு எனக்கு வந்த புதிதிலேயே தெரியும். தெரிந்தும் ஊதினேன். கணக்குப் போட்டு யாரும் சிகரெட்டை விடுவதில்லை என்பது என் கட்சி.

பையில் இருப்பவை: சிகரெட் ஆசையை அடக்கத் தோளில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச், நிக்கோடின் சூயிங்கம், மழைக்கோட்டு, டார்ச், அண்ணி கொடுத்த புளிசாதம், லைட்டர். லைட்டரையும் ஆஷ்ட்ரேயையும் முதலில் தூக்கிப் போடுங்கள் என்று எல்லாத் துண்டுப் பிரசுரங்களிலும் போட்டிருக்கிறது. வளாகம் முழுக்க இப்போது அந்தப் பிரசுரம்தான், ஏனென்றால் 2016 முதல் ஒவ்வொரு நவம்பரும் பிரான்சில் 'புகையிலை இல்லாத மாதம்'. ஆஷ்ட்ரேயை வீசிவிட்டேன். லைட்டரை வீச மனம் வரவில்லை. காரைக்காலில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு தேங்காய் நார்க் கயிறு தொங்கும், நுனியில் எப்போதும் கனன்றுகொண்டிருக்கும். ஆட்டோக்காரர், வங்கி மேனேஜர், கல்லூரிப் பையன் யாராக இருந்தாலும் அந்தக் கயிற்றுக்குக் குனிய வேண்டும். குனிந்து நிமிர்ந்தால் பக்கத்தில் நிற்பவரோடு ஒரு வார்த்தையாவது பேசாமல் போக முடியாது. அந்தக் கயிற்றுக்கு இந்த ஊரில் நான் வைத்திருக்கும் பதிலி இந்த லைட்டர். இருந்துவிட்டுப் போகட்டும்.

வெள்ளி, லா நூவெல்

சேன் அந்த்ரே வரை கரும்பு, கரும்பு, கரும்பு. அங்கிருந்து மலைப்பக்கம் திரும்பினால் சலாசி. சாலையோரத்துப் பந்தல், கம்பி, வேலி, மின்கம்பம் எதையும் விடாமல் ஒரு கொடி ஏறிக் கிடக்கிறது. அண்ணிதான் கண்டுபிடித்தார். நம் சௌசௌ, பெங்களூர் கத்திரிக்காய்! சலாசிக்கே இதுதான் அடையாளமாம். காயையும் சமைக்கிறார்கள், கொழுந்தைக் கீரையாகவும் வதக்குகிறார்கள். "கூட்டு வெக்கத் தெரியாத ஊர்ல இவ்வளவு சௌசௌவா" என்று அண்ணி கிராந்திலே என்ற ஊரைத் தாண்டும் வரை அங்கலாய்த்துக்கொண்டே வந்தார்.

கோல் தே பஃப் என்ற கணவாயோரம் கார் நின்றுவிடும். அங்கிருந்து மரக்கட்டை பதித்த படிகளில் மஃபாத்துக்குள் இறங்க வேண்டும். விளிம்பில் நின்று பார்த்தபோது வானம் சுத்தமாக இருந்தது. எதிரே செங்குத்துச் சுவர்கள், கீழே பச்சை மேடுகள், அதில் அங்கங்கே தகரக் கூரைகள் மின்னின. காட்சி வந்ததும் அண்ணனும் லுடோவிக்கும் ஆளுக்கொன்று பற்ற வைத்தார்கள். அது இயல்புதானே, காட்சி என்றால் பற்ற வைக்கத்தான் தோன்றும். சாப்பிட்டதும், பஸ் வருவதற்கு முன்னால், பரீட்சை முடிந்ததும், பயணத்தில் வளைவு திரும்பி மலை தெரிந்ததும். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. "நான் முன்னால போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினேன்.

தாமரின் சமவெளிக்கு வரும்போது மூடுபனி ஏறிவிட்டது. இங்கே காலை பத்துப் பதினொரு மணிக்கு மேல் மேகம் பள்ளத்தை நிரப்பிவிடும் என்று சொல்லியிருந்தார்கள், சொன்னபடி வந்தது. பெயர் தாமரின் என்றாலும் நம் புளிக்கும் இதற்கும் உறவில்லை. அகேசியா இனம், இயற்கையாக இந்தத் தீவில் மட்டும் வளர்வது. காற்றில் சாய்ந்து, தரையில் படுத்து, படுத்த இடத்திலிருந்தே திரும்ப எழுந்து நிற்கும் மரங்கள். கிளையெல்லாம் சாம்பல் நிறப் பாசி தாடி தாடியாய்த் தொங்குகிறது. நடுவில் மணி கட்டிய மாடுகள். ஒரு மாடு என்னைப் பார்த்தது, நான் மாட்டைப் பார்த்தேன். அரைமணி நேரம் அவர்களுக்காக அங்கே உட்கார்ந்திருந்தேன்.

வந்தார்கள். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். லுடோவிக்கின் மாமா கல்யாணத்தில் ஆடு ஓடிப்போன கதையாம். "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்றேன். அண்ணன் சொல்லிப் பார்த்தார். அந்தக் கதையை இரண்டாம் தடவை சொன்னால் சிரிப்பு வராது. தனியாக முன்னால் வந்ததற்குக் கிடைத்தது ஒரு மாடுதான்.

லா நூவெல் மஃபாத்திலேயே பெரிய ஊர். பள்ளிக்கூடம், தேவாலயம், மளிகைக்கடை, ஒரு பேக்கரிகூட இருக்கிறது. மின்கம்பி கிடையாது, கூரைகளில் சூரியத் தகடுகள். நாங்கள் தங்கும் வீட்டில் சமையல் விறகடுப்பில். சமையற்கட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். புகை படிந்து சுவரும் உத்தரமும் தார் பூசினாற்போல் கறுத்திருந்தன. உத்தரத்தில் அடித்த கம்பியிலிருந்து பன்றி இறைச்சித் துண்டங்கள் அடுப்புக்கு மேலே வரிசையாகத் தொங்கின. விளிம்பெல்லாம் மரப்பட்டை நிறத்துக்கு மாறி, கீழ் நுனியில் ஒரு சொட்டுக் கொழுப்பு விழுவேனா மாட்டேனா என்று நின்றது. இதுதான் புக்கானே. புகையில் உலர்த்தி, நறுக்கி, வெங்காயம் தக்காளியோடு வதக்கித் தருவார்கள்.

மூக்கு திரும்பி வந்துவிட்டது என்று அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. எரிந்துகொண்டிருந்த விறகின் வாசனை தனி, உத்தரத்தில் ஏறிய பழைய புகையின் வாசனை தனி, பச்சை மஞ்சளும் தைம் என்ற மூலிகையும் தனித்தனி. புகைத்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு எல்லாச் சாப்பாடும் ஊறுகாயின் ருசியில்தான் இருந்தது, ஏனென்றால் ஊறுகாய் மட்டும்தான் எட்டியது. அந்த அடுப்புப் புகை சிகரெட் ஆசையைக் கிளப்பும் என்று பயந்தேன். கிளப்பியது பசியைத்தான். சோறு, பருப்பு, புக்கானே, பச்சைமிளகாய் இடித்த தக்காளித் துவையல். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சிகரெட்டை விட்டவர்கள் எடை போடுவது பசியால் மட்டுமில்லை, நாக்கு திரும்பி வந்த சந்தோஷத்தாலும்தான் என்று தோன்றுகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெரிய கோப்பை காபி குடித்தேன். அதுதான் வினை.

சனி, மார்லா

ராத்திரி தூக்கமே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, கால் தானாக ஆடியது. நிக்கோடின் இல்லாத தவிப்பு என்றுதான் நினைத்தேன். காலையில் அண்ணியிடம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நைட்டு காபி குடிச்சியா?" அண்ணி சேன் தெனியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். அவர் சொன்ன விவரம் எனக்குப் புதிது. சிகரெட் புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலில் ஒரு நொதியை முடுக்கிவிடும், அந்த நொதிதான் காபியின் கஃபீனைச் சிதைப்பது. புகைப்பவர்களுக்குக் கஃபீன் சீக்கிரம் கழிந்துவிடும். விட்ட பிறகு நொதி தன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும், குடிக்கிற காபியோ அதே அளவு. உடம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தங்கும். "பாதிப் பேர் அதைத்தான் சிகரெட் கேக்குதுன்னு நெனச்சி திரும்பப் பத்த வெக்கிறாங்க. காபியைப் பாதியாக் கொற" என்றார். இதை எந்தச் சுவரொட்டியிலும் போட மாட்டேன் என்கிறார்கள். அழுகிய நுரையீரல் படத்தை விட எனக்கு இது உபயோகமாக இருந்திருக்கும்.

இன்னொரு தொல்லை பேட்ச். வியர்வையில் பாதி உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. எடுத்தால் தோளில் சதுரமாக ஒரு சிவந்த தடம், ஓரத்தில் பசை அழுக்குக் கோடு போட்டிருந்தது. நேற்று ஒட்டிய இடத்தில் இன்று ஒட்டக் கூடாது, தோளை மாற்ற வேண்டும். வேகமாக ஏறும்போது தோலில் ரத்தம் அதிகம் ஓடுவதால் மருந்தும் கொஞ்சம் அதிகமாக இறங்குமாம். மலையேறுகிறவனுக்குப் போனஸ்.

லா நூவெலிலிருந்து மார்லாவுக்கு நேர்வழி இருக்கிறது. நாங்கள் த்ருவா ரோஷ் வழியாகச் சுற்றிப் போனோம். பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவே கலே ஆறு தட்டையாக ஓடிவந்து, திடீரென்று தரையில் ஒரு பிளவுக்குள் விழுந்து காணாமல் போகிறது. விளிம்புக்குப் போய் எட்டிப் பார்க்கிற ஆள் நான் இல்லை. லுடோவிக் பார்த்துவிட்டு வந்து "ஆழம்" என்றான். அந்தத் தகவல் போதும்.

அங்கே பாறையில் உட்கார்ந்ததும் இருவரும் பாக்கெட்டை எடுத்தார்கள். நான் எழுந்தேன். அண்ணன் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தம்பி, நீ ஒவ்வொரு வாட்டியும் முன்னால ஓடாத. நாங்க பத்த வெக்கிறது உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லு, காத்து அடிக்கிற பக்கம் பாத்து உக்காந்துக்கிறோம். நீ ஓடிப்போனா என்னமோ நாங்க தப்புப் பண்ற மாதிரி இருக்கு."

"தப்புதானே பண்றீங்க" என்றார் அண்ணி.

உட்கார்ந்தேன். சூயிங்கம்மை மென்று கன்னத்தில் ஒதுக்கிவைத்தேன். இந்தச் சூயிங்கம்மைச் சாதாரணமானதைப் போல மெல்லக் கூடாது. காரம் வந்ததும் நிறுத்தி ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் விக்கல் பிடிக்கும். ஆசை என்பது சில நிமிஷம் இருந்துவிட்டுப் போகும் என்று படித்ததைச் சரிபார்க்க இதை விட நல்ல இடம் கிடைக்காது. முதல் இரண்டு இழுப்பு வரை அண்ணனின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆடு ஓடிப்போன கதையின் மிச்சம் வந்தது. மணமகனின் பட்டு வேட்டியை ஆடு தின்ற கட்டத்தில் அவர்கள் அணைத்துவிட்டார்கள். எப்போது அணைத்தார்கள் என்றே கவனிக்கவில்லை.

அண்ணனிடம் ஒரு இருமல் மிட்டாய் டப்பா இருக்கிறது. துண்டுகளைக் கீழே போடாமல் அதில்தான் திணிப்பார். திறந்தால் மடங்கி மடங்கிக் கிடக்கும் பஞ்சு முனைகள், மஞ்சள் பழுப்பு, மழை நனைந்த சாம்பலின் வாடை. நவம்பரில் இங்கே காய்ந்த காடு. 2010-லும் 2011-லும் மேற்கே மைடோ பக்கம் பெருந்தீ பிடித்து மலைக்காடு ஏராளமாகப் போனதை இந்தத் தீவில் யாரும் மறக்கவில்லை. டப்பா விஷயத்தில் அண்ணனைக் குறை சொல்ல முடியாது. அந்த டப்பாவை எனக்கு முகரக் கொடுத்ததற்கு மட்டும் அண்ணி திட்டினார். திட்டியிருக்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு அது போதும் எனக்கு.

நாங்கள் கிளம்புகிற நேரம், பிரான்சிலிருந்து வந்த ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி வாயில் சிகரெட்டோடு பையைத் துழாவிக்கொண்டிருந்தார். நான் லைட்டரை நீட்டினேன். அப்புறம் மார்லா ஏற்றம் முழுக்க அவரோடுதான் பேச்சு. தபால் அலுவலகத்தில் இருந்தவராம். மஃபாத்தில் தபால்காரர் இப்போதும் நடந்துதான் கடிதம் கொண்டுபோகிறார் என்று கேட்டு அதைப் பார்க்கவே வந்தவர். நான் பற்ற வைக்காததைக் கவனித்து, "பிறகு ஏன் இதை வைத்திருக்கிறாய்?" என்றார். உங்களோடு பேசத்தான் என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்.

ஏற்றத்தில் இருமல் பின்னி எடுத்தது. விட்ட பிறகு இருமல் கூடுகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் புகையில் முடங்கிக் கிடந்து இப்போது வேலைக்குத் திரும்புகின்றன, அவ்வளவுதான். பழைய சரக்கை வெளியேற்றுகின்றன. அழகான காட்சி இல்லை.

மார்லா உயரமான ஊர், ஏறக்குறைய 1,600 மீட்டர். ராத்திரி நல்ல குளிர். போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு லுடோவிக் சொன்னதை முழுசாக எழுத வேண்டும்.

லுடோவிக் மல்பார், அதாவது இங்கே தமிழ் வம்சாவளிக்குச் சொல்லும் பெயர். 1848 டிசம்பர் 20-ல் இங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா காரைக்காலில் கப்பலேறியவர் என்று வீட்டில் ஒரு காகிதம் இருக்கிறதாம். குடும்பப் பெயர் தமிழ், முதல் பெயர் பிரெஞ்சு. வீட்டில் பேச்சு கிரியோல். அவன் பெரியப்பா கோயில் பூசாரி. அம்மன் பாட்டுகளை பிரெஞ்சு எழுத்தில் எழுதிய நோட்டைப் பார்த்துத்தான் பாடுவார். இப்போது லுடோவிக் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் 'அ, ஆ' எழுதிக்கொண்டிருக்கிறான். செல்வம் அண்ணனிடம் தமிழில்தான் பேசுவேன் என்று அடம். "அண்ணே, எனக்குப் பசி வருது" என்பது இப்போதைக்கு அவனுடைய முழுமையான வாக்கியம், அதை அடிக்கடி பயன்படுத்துகிறான்.

அவன் வருஷா வருஷம் பாஞ்சாலியம்மனுக்குத் தீ மிதிப்பவன். இங்கே அம்மன் பெயர் பாந்தியாலே. பாரதப் போர் போல விரதம் பதினெட்டு நாள். கவுச்சி இல்லை, சாராயம் இல்லை, தரையில் படுக்கை. அவன் சிகரெட்டும் தொடுவதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் திரௌபதியம்மன் தீமிதி பார்த்து வளர்ந்தவன் நான், அதனால் விரதம் ஆச்சரியமாக இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் அந்தப் பதினெட்டு நாளும் ஆசையே வருவதில்லை என்றான். தீ மிதித்த மறுநாள் காலையில் காபியோடு ஒன்று பற்ற வைப்பானாம், திரும்பவும் தொடங்கிவிடுமாம்.

"அம்மனுக்குப் பயமா?" என்றேன்.

யோசித்தான். பயமெல்லாம் இல்லை என்றான். அந்த நாட்களில் மிதிக்கிறவர்கள் எல்லோரும் கோயிலிலேயே இருப்பார்கள். சேர்ந்து சாப்பாடு, சேர்ந்து குளியல், ராத்திரி கதை, பாட்டு. ஒருத்தன் வெளியே போய்ப் பற்ற வைக்கலாம் என்று நினைத்தால் அவன் மட்டும் தனியாகப் போக வேண்டும். யாரும் போவதில்லை. விரதம் முடிந்தால் ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு கார். அப்போது சிகரெட்தான் துணை.

பல்கலைக்கழகச் சுகாதார மையத்தில் எனக்குக் கொடுத்த அட்டவணையில் ஆசை வந்தால் தண்ணீர் குடி, ஆழ்ந்து மூச்சு விடு, இடத்தை விட்டு நகர் என்று இருந்தது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதைத்தான் இந்தத் தூணடி விஷயத்தில் நான் சொன்னபடி கேட்டு ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். நகர்ந்தேன், ஆட்களும் போனார்கள். அட்டவணை எழுதியவருக்கு நண்பர்கள் எல்லாம் புகைக்காதவர்களாக இருந்திருக்கலாம்.

ஞாயிறு, சிலாவோஸ்

மார்லாவிலிருந்து தாயிபி கணவாய் 2,081 மீட்டர். ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் ஏற்றம், வளைந்து வளைந்து. இந்தப் பாதையில்தான் போன மாதம் தீவைக் குறுக்கே கடக்கும் ஓட்டப் பந்தயம் நடந்தது. 'பைத்தியங்களின் மூலைவிட்டம்' என்று அதற்குப் பெயர். 160 கிலோமீட்டருக்கு மேல், ராத்திரி பகலாக ஓடுவார்கள். நாங்கள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு மூன்று தடவை உட்கார்ந்தோம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கணவாய் உச்சிக்கு நான் அண்ணனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன், ஓடாமலே. புகைத்தால் ரத்தத்தில் கார்பன் மோனாக்ஸைடு ஏறி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறுத்தி ஓரிரு நாளில் அது வெளியேறிவிடும் என்று தெரியும். தெரிந்ததைக் கால் முட்டியில் உணர்வது வேறு. அண்ணன் மேலே வந்து, இடுப்பில் கைவைத்து நின்று, பாக்கெட்டை எடுத்து, பார்த்து, திரும்ப உள்ளே வைத்தார். "அப்புறம்" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன், லுடோவிக் தண்ணீர் பாட்டிலை நீட்டி அதைத் தடுத்தான்.

அந்தப் பக்கம் சிலாவோஸ் பள்ளம். இறக்கம் கொடூரம், முட்டிக்கு. பாதி வழியில் சலாஸ் குடியிருப்பில் வழிப்போக்கர்களுக்குக் கஷாயம் விற்கிறார்கள். ஏறுகிறவர்களுக்கு 'லிஃப்ட் கஷாயம்', இறங்குகிறவர்களுக்கு வேறொன்று. என்ன மூலிகை என்று கேட்டால் சிரிப்புதான் பதில். எலுமிச்சம்புல் மட்டும் என் புது மூக்குக்குப் பிடிபட்டது. கோப்பை சூடாக இருந்ததால் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. மேலே ஏறப் போகிற ஒரு குடும்பம், கீழே போகிற நாங்கள், கஷாயம் ஊற்றுகிறவர், அவருடைய நாய். யார் எங்கிருந்து, எவ்வளவு தூரம், மேலே மழையா, முட்டிக்கு எந்தத் தைலம் நல்லது. அரைமணிக்கு மேல் ஆகியிருக்கும். தேங்காய் நார்க் கயிறு செய்த வேலையை இங்கே கஷாயக் கோப்பை செய்துகொண்டிருந்தது. லேபில் ஒரு கெட்டில் வாங்கி வைத்தால் என்ன என்று அப்போதே லுடோவிக்கிடம் கேட்டேன். லேபில் திரவம் கூடாது என்று விதி இருக்கிறதே என்றான். படிக்கட்டுக்குக் கீழே விதி இல்லை.

சிலாவோஸ் ஊர் குளிர்ந்த காற்றோடு நல்ல ஊர். வெந்நீர் ஊற்று உண்டு, நாங்கள் போகவில்லை, யாருக்கும் இன்னொரு படி ஏற மனமில்லை. இங்கே விளையும் பருப்பு பேர் போனது. சிறிய பழுப்புப் பருப்பு, மேட்டு நிலங்களில் கையால் பயிரிடுவது, அதனால் விலையும் மேட்டில்தான். அண்ணி அரைக் கிலோ வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் குழையுமா என்று மூன்று தடவை கேட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் அதே பருப்பு வந்தது. குழைந்திருந்தது. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கள், சேன் லூயி பஸ் நிலையம்

சிலாவோசிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் சாலையில் நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். அகலம் பஸ்ஸுக்கு மட்டும்தான். எதிரே வண்டி வந்தால் யாரோ ஒருவர் பின்னால் போக வேண்டும். சுரங்கவழிகளில் பஸ்ஸின் இருபுறமும் ஒரு கை அளவு இடைவெளி. ஓட்டுநர் ஒரு கையால் திருப்பிக்கொண்டே வானொலிப் பாட்டுக்குத் தலையாட்டினார். லுடோவிக் இந்த ஊர்க்காரனாக இருந்தும் முகம் வெளுத்துவிட்டான். ஜன்னல் ஓரம் கொடுத்தேன். "அண்ணே, எனக்குப் பசி இல்லை" என்றான். இரண்டாவது வாக்கியம் வந்துவிட்டது.

கீழே இறங்கியதும் நவம்பர் வெயில் முகத்தில் அறைந்தது. சேன் தெனி போகும் மஞ்சள் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, விடுமுறை நாள் என்பதால் வண்டிகள் குறைவு. அண்ணன் நிலையத்துக்கு வெளியே போய்ப் பற்ற வைத்தார், தாயிபி உச்சியில் 'அப்புறம்' என்று சொன்ன கடனை நேற்றிரவே வட்டியோடு கட்டியிருந்தார். நானும் கூடப் போனேன். கையில் ஒரு பொட்டலம் சமோசாவும், மிளகாய் வடை போல இருக்கும் போம்போன் பிமானும். அவர் ஊதினார், நான் தின்றேன். பேச்சு அடுத்த நடைக்குப் போனது. பித்தோன் தே நேஜ், தீவின் உச்சி, 3,070 மீட்டர். பாதி வழியில் ஒரு மலைத் தங்குமிடம், நள்ளிரவுக்குப் பிறகு எழுந்து ஏறினால் உச்சியில் சூரிய உதயம்.

"மூவாயிரமா? நான் வரலப்பா" என்றார் அண்ணன். "நீங்க போயிட்டு வந்து ஃபோட்டோ காட்டுங்க."

"அவருக்கும் சேத்தே போடு" என்றார் அண்ணி, என் பொட்டலத்திலிருந்து கடைசி வடையை எடுத்துக்கொண்டே.

நாலு படுக்கை கேட்டுத் தங்குமிடத்துக்கு எழுதிவிட்டேன். பதில் வந்ததும் தேதி சொல்கிறேன். இப்போது பஸ் வந்துவிட்டது.